சிப்பரில் ஒட்டியிருந்த ‘15 குதிரைத்திறன்’: மரம் கழிக்கும் தொழில் தொடங்குவோர் கவனத்திற்கு

வீடுகளில் மரக்கிளை கழித்துக் கொடுக்கும் தொழிலைத் தாம்பரம் பக்கம் சென்ற ஆண்டு தொடங்கினேன். இத்தொழிலில் வெட்டுவதைவிட வெட்டியதை அப்புறப்படுத்துவதற்கே அதிகம் செலவாகும். ஒரு பெரிய வேப்பமரத்தின் கிளைகளைத் தழையோடு ஏற்றினால் குட்டி யானை மூன்று நடை போகவேண்டும். சில்லுகளாக அரைத்துவிட்டால் ஒரே நடையில் முடிந்துவிடும். இந்தக் கணக்கை நம்பி 1,40,000 ரூபாய் கொடுத்து, கிளைகளைச் சில்லுகளாக அரைக்கும் இயந்திரமான சிறிய பெட்ரோல் சிப்பர் ஒன்றை வாங்கினேன். கணக்கில் பிழையில்லை; இயந்திரத்தில்தான் ஏமாந்தேன்.

15 குதிரைத்திறன், 4 அங்குலப் பருமன் வரை அரைக்கும் என்றார் விற்பனையாளர். என்ஜின் மேலும் அப்படியே ஸ்டிக்கர் இருந்தது. அவர் இயக்கிக் காட்டியபோது மணிக்கட்டுப் பருமனுள்ள கிளைகள் தடையில்லாமல் உள்ளே போயின. அவை முருங்கைக் கிளைகள் என்பதை அப்போதே பார்த்தேன், ஆனால் உறைக்கவில்லை. காற்றடித்தாலே முறியும் முருங்கையை அரைத்துக் காட்டுவது எதற்கும் சான்றாகாது.

முதல் வேலையிலேயே இரண்டரை அங்குல வேப்பங்கிளையில் என்ஜின் திணறி நின்றது. பெல்ட் கருகும் நாற்றம் எழுந்தது. புளியங்கிளையை அது தொடவே இல்லை. தென்னை மட்டையைக் கொடுத்தால் நார் பிளேடு சுழலும் தண்டில் சுற்றிக்கொள்ள, ஒவ்வொரு முறையும் மூடியைக் கழற்றி அறுத்தெடுக்க வேண்டியிருந்தது. பிளேடு மழுங்கியிருக்கும் என்று விற்பனையாளர் சொன்னதால் புதிய பிளேடு வாங்கி, எதிரே நிற்கும் இரும்புப் பட்டைக்கும் அதற்கும் உள்ள இடைவெளியையும் சரிசெய்து பார்த்தேன். பலனில்லை.

கடைசியில் பழக்கமான மெக்கானிக் ஒருவர் என்ஜினின் ஹெட்டைக் கழற்றி அளந்தார். சிலிண்டரின் உள்விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரம் 55 மில்லிமீட்டர், அதாவது என்ஜினின் கொள்ளளவு சுமார் 212 சிசி. அந்த அளவுள்ள என்ஜின் ஏறத்தாழ 7 குதிரைத்திறன்தான் தரும். 15 என்று விற்கப்படுபவை பெரும்பாலும் 420 சிசி அளவில் இருக்கும். ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம், சிலிண்டரை மாற்றிச் சொல்ல முடியாது.

பில்லை எடுத்துப் பார்த்தால் ‘மரம் அரைக்கும் இயந்திரம் – 1’ என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. சிசி, மாடல், என்ஜின் எண் எதுவும் எழுதப்படவில்லை. எழுதச் சொல்லாதது என் தவறு. தொழிலுக்கு வாங்கியதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்றும் விற்பனையாளர் மிரட்டினார். அது முழு உண்மையல்ல. வணிக நோக்கில் வாங்குபவரை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்கினாலும், சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கித் தானே பயன்படுத்துபவரை நுகர்வோராகவே கருதுகிறது. இரண்டு ஆண்டுகளுக்குள், நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். மெக்கானிக் அளந்தபோது எடுத்த படங்களுடன் நானும் கொடுத்திருக்கிறேன்.

இப்போது வேறு சிப்பர் தேடிவருகிறேன். போகும் இடமெல்லாம் மூன்று அங்குலப் பருமனில் பச்சைப் புளியங்கிளை நான்கைந்தும் தென்னை மட்டை இரண்டும் வண்டியில் எடுத்துச் செல்கிறேன். இரண்டு கடைகளில் அவற்றைப் பார்த்ததும், இன்று பெட்ரோல் இல்லை, இன்னொரு நாள் வாருங்கள் என்றார்கள்.