துறைக்கு வெளியே வாசிக்க: நியூஸ் அண்ட் வியூஸ், குவாண்டா, ரெசொனன்ஸ் - என் அனுபவம்

நெல் குலை நோய்ப் பூஞ்சைதான் என் ஆராய்ச்சி. மற்ற துறைகளில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள எத்தனையோ வழிகளைப் பார்த்தாயிற்று. பல வருடங்களாக விடாமல் வாசிப்பது மூன்றுதான்.

அதில் எனக்கு முதலிடம் 'நேச்சர்' இதழின் 'நியூஸ் அண்ட் வியூஸ்' பகுதிக்கு. புதிதாக வந்த ஓர் ஆய்வை, அதில் பங்கு பெறாத அதே துறைக்காரர் ஒருவர் ஓரிரு பக்கங்களில் விளக்குவார். முன்பு என்ன தெரிந்திருந்தது, இப்போது என்ன புதிது, எது இன்னும் உறுதியாகவில்லை என்று சொல்வார். அந்தக் கடைசி விஷயத்துக்காகவே வாசிக்கிறேன்; செய்தித்தாளில் அது அநேகமாக வராது. சந்தா தேவை, அதனால் நூலகம் வழியாகப் படிக்கிறேன்.

எது இன்னும் உறுதியாகவில்லை என்று கேட்கும் இந்தப் பழக்கத்தின் அருமை 2023 ஜூலையில் நன்றாகத் தெரிந்தது. எல்கே-99 என்ற பொருள் அறை வெப்பநிலையிலேயே மீகடத்தியாக, அதாவது மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்துவதாக, வேலை செய்யும் என்று தென் கொரியக் குழு ஒன்று அறிவித்ததும், எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வேறு பேச்சே இல்லை. சில வாரங்களில் விஷயம் தெளிவானது. மாதிரியில் காப்பர் சல்ஃபைடு கலந்திருந்தது. சுமார் 104 டிகிரி செல்சியஸில் அதன் படிக அமைப்பு மாறும்போது மின்தடை சட்டென்று இறங்கிவிடும்; அதைத்தான் மீகடத்தல் என்று நினைத்துவிட்டார்கள். சக அறிஞர்கள் சரிபார்க்கும் முன்பே இணையத்தில் வரும் ஆய்வுக் கட்டுரையை (முன்வரைவை) வைத்துக்கொண்டு கொண்டாட அவசரமே இல்லை.

வெளி வாசிப்பு என் வேலைக்கே உதவியதும் உண்டு. 2020 இறுதியில், புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு நிரலான ஆல்ஃபாஃபோல்டு பற்றி வந்தவற்றை ஆர்வத்தில்தான் படித்தேன். அடுத்த ஆண்டு அதன் தரவுத்தளம் எல்லோருக்கும் திறந்தது; பின்னர் அதில் என் பூஞ்சைப் புரதங்களைத் தேடிப் பார்த்தேன். கணிப்பு உறுதியான பகுதி அடர் நீலம், நம்ப முடியாத பகுதி ஆரஞ்சு. ஆரஞ்சில் நீளும் வாலைப் பார்த்து உண்மையான வடிவம் என்று நினைத்துவிடக் கூடாது என்பது முன்பே தெரிந்திருந்ததால், நீலப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

குவாண்டா, சைமன்ஸ் அறக்கட்டளை நடத்தும் இலவச இதழ். கணிதம், இயற்பியல், உயிரியல், கணினி அறிவியல் ஆகியவற்றில் பிரமாதம். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பற்றிய எழுத்துக்கு 2022இல் புலிட்சர் பரிசு வாங்கியது. கட்டுரைகள் நீளம் என்பதால் ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வைப்பேன். வேளாண்மைக்காரர்கள் தங்கள் பக்கத்துச் செய்திக்கு வேறு இடம்தான் பார்க்க வேண்டும்.

பெங்களூரு இந்திய அறிவியல் அகாதமி 1996 முதல் நடத்தும் ரெசொனன்ஸ், சுடச்சுடச் செய்திக்கானது அல்ல. மீகடத்தி என்றால் என்ன என்றே தெரியாதபோது போக வேண்டிய இடம் அது. கல்லூரி மாணவர்களை மனதில் வைத்து எழுதுகிறார்கள். பழைய இதழ்களும் இலவசம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். அப்புறம் குவாண்டா.