பழைய ஆம்னிக்குள் இரைச்சல்: தார் ஷீட்டா, பியூட்டைலா, ஃபோமா?

மாருதி ஆம்னியின் தயாரிப்பு 2019-லேயே நின்றுவிட்டது. சென்னைத் தெருக்களில் வண்டி மட்டும் நின்றபாடில்லை. வைத்திருப்பவர்களின் புகார் ஒன்றுதான்: ஜிஎஸ்டி ரோட்டில் கொஞ்சம் மிதித்தால் போதும், பின்சீட்டில் பேசுவது முன்னால் கேட்காது. 796 சிசி இன்ஜின் முன்சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் மெல்லிய தகரம்.

வீட்டிலேயே ஒட்டிக்கொள்ள மூன்று சரக்கு கிடைக்கிறது: தார் ஷீட், பியூட்டைல் என்ற ஒட்டும் ரப்பர் ஷீட், ஃபோம். கார் அக்சஸரி கடைகளில் மூன்றையும் 'சவுண்ட் ப்ரூஃப்' என்றே தருவார்கள். செய்யும் வேலை வேறு வேறு. எவர்சில்வர் தட்டைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். ஓரத்தில் ஒரு விரலை வைத்தால் சட்டென்று அடங்கிவிடும். தார் ஷீட்டும் பியூட்டைலும் அந்த விரல். ஃபோம் தகரத்தின் அதிர்வை நிறுத்தாது. சத்தத்தில் கொஞ்சத்தை உறிஞ்சும், சூட்டைத் தடுக்கும், அவ்வளவுதான். ஆகவே வாங்கும் முன் வண்டியைச் சுற்றி விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்று இழுத்து ஒலிக்கும் இடத்துக்கு ஷீட் வேண்டும். 'டொப்' என்று அடங்கும் இடத்தை விட்டுவிடலாம்.

தார் ஷீட் விலையில் ஜெயிக்கும். கார் கம்பெனிகளே தரையில் போடும் பழைய சரக்கு இது. ஆனால் ஒட்ட, சூடான காற்றை ஊதும் ஹீட் கன் வேண்டும், வளைவுகளில் விறைக்கும், நாளாக ஆக விரிசல் விடும். கத்திரி வெயிலில் நாள் முழுக்க ரோட்டோரம் நிற்கும் வண்டியின் கூரையில் இதை ஒட்டினால் இளகித் தொங்கும். கதவைத் திறந்ததும் தார் வாடை முகத்தில் அடிக்கும். தரைக்கு மட்டும் சரி. கூரைக்கு இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

பியூட்டைல் ஷீட்டுக்கு மேலே அலுமினியத் தாள் இருக்கும். தகரம் அதிரும்போது அதற்கும் அந்தத் தாளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ரப்பர் இழுபட்டு, அந்த அதிர்வைச் சூடாக மாற்றிவிடுகிறது. அதனால்தான் அலுமினியத் தாள் இல்லாத மலிவு ஷீட்டில் பலன் குறைவு. பேனலை முழுக்க மூட வேண்டியதில்லை என்பதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். அதிரும் பேனலின் நடுவில் கால் பங்கை மூடினாலே பெரும்பகுதி அடங்கிவிடும். 2 மி.மீ. ஷீட் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 3 கிலோ வரும். சின்ன இன்ஜின் தலையில் எதற்கு வீண் சுமை?

சென்னைச் சூட்டில் இதற்கு ஹீட் கன் தேவைப்படாது. தகரத்தைத் தின்னரால் துடைத்து, ஈரமோ துருவோ இல்லை என்று பார்த்து, கைக்கு அடக்கமான துண்டுகளாக வெட்டி ஒட்டுங்கள். மரப்பிடி வைத்த ரோலரால் அலுமினியத்தில் இருக்கும் புள்ளி வடிவம் தட்டையாகும் வரை தேய்க்க வேண்டும். புள்ளி மிச்சமிருந்தால் அடியில் காற்று இருக்கிறது என்று அர்த்தம். கையுறை அவசியம், அந்தத் தாளின் ஓரம் பிளேடு மாதிரி கிழிக்கும்.

ஃபோமில் ஏசி மெக்கானிக்குகள் தாமிரக் குழாய்க்குச் சுற்றும் கறுப்பு நைட்ரைல் ரப்பர் ரகம்தான் நமக்கு. அதே தோற்றத்தில் சாதா ஸ்பாஞ்சும் விற்கிறது. ஒரு துண்டைத் தண்ணீரில் அமுக்கிப் பிழியுங்கள்; தண்ணீர் கொட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஐப்பசி மழையில் அது ஈரத்தைக் குடித்து, தகரத்தை உள்ளிருந்தே துருவாக்கிவிடும். கிளாஸ் வூலுக்கும் இதே கதைதான். நைட்ரைலை மட்டும் தனியாக ஒட்டினால் சத்தத்தில் ஏமாற்றமே மிஞ்சும். கூரையில் பியூட்டைல் துண்டுகளுக்கு மேல் ஒட்டினால் மே மாதத்தில் வித்தியாசம் தலைக்குத் தெரியும்.

என் கணக்கு இப்படி: கூரைக்கும் பக்கவாட்டுக்கும் பியூட்டைல், கால் பங்கு. கூரையில் மட்டும் மேலே நைட்ரைல். தரைக்குக் காசு மிஞ்சினால் தார் ஷீட். கதவுக்குள் ஒட்டும்போது அடியில் இருக்கும் மழைநீர் வடியும் ஓட்டைகளை அடைக்கக் கூடாது. இன்ஜினைப் பார்த்த பக்கத்தில் ஃபோம் ஒட்டுவது தீயோடு விளையாட்டு.

இதற்கெல்லாம் முன்னால் முன்சீட்டைத் தூக்கி இன்ஜின் மூடியைச் சுற்றியுள்ள ரப்பரையும், அப்புறம் கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டையான பீடிங்கையும் பாருங்கள். பழைய வண்டியில் இரண்டும் நசுங்கிக் கிடக்கும். அந்த இடுக்கு வழியாக வரும் சத்தத்தை எந்த ஷீட்டாலும் தடுக்க முடியாது. புது பீடிங்குக்கு ஆகும் செலவு, ஒரு பெட்டி பியூட்டைலைவிடக் குறைவுதான்.