பழைய ஃப்ரூட் மெஷின்: ரிலேயைச் சுத்தம் செய்வதா, மாற்றுவதா?

1960களில் பாலி நிறுவனத்தின் ‘மணி ஹனி’ வந்தபின், காசு போட்டு ஆடும் இந்தச் சூதாட்ட இயந்திரங்களுக்குள் ரிலேக்கள் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்) குவிந்தன. பழுது பார்ப்பவர்கள் அதிகம் திணறுவதும் அங்கேதான். முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

செலவு
சுத்தம்: ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலும் கெட்டி அட்டைத் துண்டும் போதும்.
மாற்றம்: அதே வோல்ட், அதே காண்டாக்ட் (தொடும் முனை) அமைப்பு வேண்டும், தேடி அலையணும். ஏசி இருந்த இடத்தில் டிசி ரிலேயைப் போட்டால் கடகடவென்று அதிரும்.

வேலை
சுத்தம்: நனைத்த அட்டையை முனைகளுக்கு நடுவே வைத்து இழுங்கள், கறுப்பு அதில் வந்துவிடும். வெள்ளி முனையில் உப்புத்தாள் படவே கூடாது. அப்புறம் முனையைத் தாங்கும் பட்டையை லேசாக வளைத்து, முனைகள் தொட்டபின் சற்று அழுந்துகின்றனவா என்று பாருங்கள். பலர் இதை விட்டுவிட்டு ரிலேயைத் திட்டுகிறார்கள்.
மாற்றம்: ஒவ்வொரு கம்பிக்கும் அடையாளம், போட்டோ, சாலிடர்.

ஆயுள்
வெள்ளி மிச்சமிருந்தால் சுத்தம் செய்ததே நன்றாக உழைக்கும். தேய்ந்துபோனதற்கு எந்த வைத்தியமும் இல்லை.

சரி, எதைச் செய்வது? ரிலேயின் காயிலை (கம்பிச் சுற்றை) மல்டிமீட்டரில் அளந்தால் சரியான ஓம் (மின்தடை) காட்டி, முனையில் வெள்ளியும் மிச்சமிருந்தால் சுத்தம் செய்யுங்கள். ஓப்பன் (கம்பி அறுந்தது) காட்டினாலோ, சுற்று கருகியிருந்தாலோ, வெள்ளி தேய்ந்துபோயிருந்தாலோ மாற்றிவிடுங்கள். சேகரிப்பாளருக்கு விற்பதாக இருந்தால் கழற்றிய ரிலேயையும் கூடவே கொடுங்கள்.