ஆப்பிரிக்கப் பள்ளிகளில் கோச்சாகப் போவது: கம்பெனியா, பல்கலைக்கழகமா, முழு வருடமா?

பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் படிக்கிற மாணவர்கள் ஜாம்பியா, தென்னாப்பிரிக்கா, கென்யா என்று போய் அங்குள்ள பள்ளிப் பிள்ளைகளுக்குக் கால்பந்தும் நெட்பாலும் சொல்லிக்கொடுப்பது பல வருடங்களாக நடக்கிறது. போவதற்குப் பல வழிகள் உண்டு. விளம்பரப் படங்களில் எல்லாமே ஒன்றுபோலத்தான் தெரியும்: செம்மண் மைதானம், நடுவில் ஒரு வெளிநாட்டுப் பிள்ளை, சுற்றிலும் சிரிக்கும் முகங்கள். நான் பார்ப்பது ஒன்றைத்தான். அந்த மாணவர் ஊருக்குக் கிளம்பிய பிறகு வருகிற திங்கட்கிழமை, அந்த மைதானத்தில் பிள்ளைகளோடு யார் நிற்கிறார்?

முதல் வழி, பணம் கட்டினால் இரண்டு வாரமோ நான்கு வாரமோ கூட்டிப்போகிற கம்பெனிகள். தங்குமிடம், சாப்பாடு, விமான நிலையத்தில் வந்து அழைத்துப்போவது எல்லாம் அவர்கள் பொறுப்பு, தேதியை நாமே தேர்ந்தெடுக்கலாம். வசதி என்றால் இதுதான் வசதி. ஆனால் பள்ளியின் பக்கத்திலிருந்து பாருங்கள்: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதுமுகம் வரும், அவர் மறுபடி பெயர் கேட்பதிலும் பாஸிங் பழக்குவதிலும் ஆரம்பிப்பார், பிள்ளைகள் எதிலும் முன்னே போக மாட்டார்கள். அங்கே ஏற்கெனவே ஒரு பி.டி. ஆசிரியர் இருப்பார், அவர் ஓரமாகப் போய் நிற்க வேண்டியதாகிவிடும். இன்னொரு விஷயம், தேதி நம் வசதிக்கு இருந்தால் போதாது. ஜாம்பியாவிலும் கென்யாவிலும் ஆகஸ்டில் பள்ளி விடுமுறை வருகிறது, தென்னாப்பிரிக்காவில் ஜூன் கடைசியிலிருந்து ஜூலைக்குள் குளிர்கால விடுமுறை. இதைச் சொல்லாமல் ஆகஸ்டுக்கு இடம் பதிவு செய்கிற கம்பெனியிடம் நான் மேற்கொண்டு எதுவும் கேட்க மாட்டேன்.

இரண்டாவது, பல்கலைக்கழகம் வழியாகப் போவது. நல்ல உதாரணம் 2006-இல் தொடங்கிய ஜாம்பியா ஐடியல்ஸ் திட்டம். பிரிட்டனின் அரசு விளையாட்டு அமைப்பான யுகே ஸ்போர்ட்டும் டர்ஹம், லஃப்பரோ போன்ற பல்கலைக்கழகங்களும் சேர்ந்து மாணவர்களைச் சில வாரங்களுக்கு ஜாம்பியாவின் தலைநகர் லுசாக்காவுக்கு அனுப்பின. இதில் எனக்குப் பிடித்தது, அவர்கள் போய்ச் சேர்ந்த இடம். ஸ்போர்ட் இன் ஆக்‌ஷன், எடுஸ்போர்ட் என்ற இரண்டு ஜாம்பிய அமைப்புகளும் 1990-களின் கடைசியிலேயே தொடங்கியவை. அவற்றுக்கென்று உள்ளூர் இளைஞர்கள் இருந்தார்கள், ‘பியர் லீடர்’ என்று பெயர். கம்பவுண்ட் என்று சொல்லப்படும் ஏழைக் குடியிருப்புகளில் உள்ள பள்ளிகளில் விளையாட்டை நடத்தியதும், விளையாட்டோடு சேர்த்து எச்.ஐ.வி. பற்றிப் பேசியதும் அவர்கள்தான். வருகிற மாணவர் அவர்களோடு ஜோடியாக நிற்பார். ஒரே பந்தை வைத்துக்கொண்டு ஒரு வகுப்பையே ஓட வைக்கிற வித்தை, அங்கே பேசுகிற நியாஞ்சா மொழியில் ஒரு அதட்டல் போட்டு வரிசையை நேராக்குவது, இதெல்லாம் அந்த இளைஞருக்குத்தான் தெரியும். மாணவரிடம் இருப்பது வேறு: காயம் படாமல் வார்ம்-அப் செய்வது, நெட்பாலில் புது விதிகள், ஒரு பருவம் முழுவதற்கும் பயிற்சித் திட்டம் எழுதுவது. மாணவர் போனாலும் ஜோடியில் ஒருவர் அங்கேயே இருப்பார், திங்கட்கிழமை பயிற்சி நிற்காது. குறை இல்லாமல் இல்லை. சில வாரம் என்பது அங்கே பழகுவதற்கே சரியாகப் போய்விடும், அந்தப் பயணத்தால் அதிகம் கற்றுக்கொண்டவர் யார் என்று கேட்டால் பெரும்பாலும் அந்த மாணவர்தான் என்று சொல்வேன். அதனாலேயே இது ஒருவழிப் பாதையாக இருக்கக் கூடாது, அங்குள்ள இளைஞர்களும் பிரிட்டனுக்கு வந்து படித்துப் போக வேண்டும்.

அந்த விஷயத்தில் மூன்றாவது வழியான ஜெர்மனியின் வெல்ட்வெர்ட்ஸ் ஒரு படி மேல். 2008-இல் அரசுப் பணத்தில் தொடங்கிய திட்டம், 18 முதல் 28 வயதுக்காரர்களுக்கு. பெரும்பாலும் ஒரு வருடம் தங்க வேண்டும், விளையாட்டு அமைப்புகளிலும் இடம் உண்டு. பின்னால், ஆப்பிரிக்கா, ஆசியா போன்ற இடங்களின் வளரும் நாட்டு இளைஞர்கள் ஜெர்மனிக்கு வந்து வேலை செய்கிற வழியையும் சேர்த்தார்கள். ஒரு வருடம் இருந்தால் பள்ளியின் எல்லாப் பருவத்தையும் பார்க்கலாம், மழைக்காலத்தில் மைதானம் சேறானால் என்ன செய்வது என்பதுகூடத் தெரிந்துவிடும்.

நீண்ட காலம் தங்கினால் என்ன ஆகும் என்பதற்கு கென்யாவின் இட்டென் ஊர் சாட்சி. அயர்லாந்துக்காரரான பிரதர் கோம் ஓ'கானல் 1976-இல் செயின்ட் பேட்ரிக்ஸ் பள்ளிக்குப் புவியியல் ஆசிரியராக வந்தார், தடகளம் படித்தவர் அல்ல. அங்கேயே இருந்து கவனித்துக் கற்றார். 1988 சோல் ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் தங்கம் வென்ற பீட்டர் ரோனோ அந்தப் பள்ளி மாணவர். லண்டனில் 2012-இல் 800 மீட்டரை 1:40.91-இல் ஓடி உலக சாதனை படைத்த டேவிட் ருடிஷா ஓ'கானல் பயிற்சியில் வளர்ந்தவர். ஓ'கானல் மதத் தொண்டர், கல்லூரி மாணவர் இல்லை என்பது தெரியும். எல்லோராலும் அப்படித் தங்கவும் முடியாது. ஆனாலும் அந்த ஊரை அவர் படிக்க எடுத்துக்கொண்ட காலம், சும்மா வந்து போகிறவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டியது.

அப்புறம், யாரும் சொல்லாத நான்காவது வழி: போகாமல் இருப்பது. நைரோபியின் மத்தாரே என்ற ஏழைக் குடியிருப்பில் 1987-இல் தொடங்கிய இளைஞர் விளையாட்டுச் சங்கத்தில் குப்பை அள்ளினால் அணிக்கு லீக் புள்ளி கிடைக்கும், பயிற்சியும் நிர்வாகமும் அந்தக் குடியிருப்புப் பிள்ளைகளே. அங்கிருந்து வளர்ந்த மத்தாரே யுனைடெட் கால்பந்து அணி 2008-இல் கென்ய பிரீமியர் லீக்கையே வென்றது. இப்படி உள்ளூர்க் கோச்சுகள் இருக்கிற இடத்தில் விமானக் கட்டணத்தை அவர்கள் சம்பளத்துக்கும் பேருந்துக் காசுக்கும் அனுப்பினால் அது நேராகப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும்.

கையில் ஒரு வருடம் இருக்கிறவர் வெல்ட்வெர்ட்ஸ் மாதிரி திட்டத்தைப் பார்க்கட்டும். ஜூன், ஜூலையில் ஆறு வாரம்தான் முடியும் என்றால் பல்கலைக்கழகம் வழியாக, உள்ளூர் அமைப்பின் கீழே, ஜாம்பியா போலப் பள்ளி திறந்திருக்கிற நாட்டுக்குப் போகலாம். இரண்டு வாரம் மட்டும் என்றால் பணத்தை அனுப்பிவிடுங்கள். எந்த வழியானாலும், குற்றப் பின்னணி இல்லை என்ற சான்றிதழ் கேட்காமல் பிள்ளைகளோடு விடுகிற இடத்துக்குப் போகாதீர்கள். பந்தும் மைதானத்தில் அடையாளத்துக்கு வைக்கிற கோனும் பெட்டியில் கட்டிக்கொண்டு போக வேண்டாம், லுசாக்காவிலும் நைரோபியிலும் கடைகள் இருக்கின்றன, அங்கேயே வாங்குங்கள்.