ஆயில் கூலர் ஹோஸும் வாட்டர் இன்ஜெக்‌ஷன் ட்யூபும்: ஆக்டேவியா ஆர்எஸ்ஸில் மூன்றரை ஆண்டு

கோயம்புத்தூரில் எந்தக் கடையில் போய் ஹோஸ் கேட்டாலும் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை பிரஷருங்கண்ணா?" பம்புசெட் ஊர், வேறு எப்படிக் கேட்பார்கள்? நானும் இதே ஊரில் வளர்ந்தவன் என்பதால், என் காருக்கு ஆயில் கூலர் ஹோஸ் வாங்கப் போன அன்று பிரஷரை மட்டும்தான் மனதில் வைத்துக்கொண்டு போனேன். அந்த ஒரு தப்புக்கு விலை மூன்று செட் ஹோஸ், இரண்டு வகை ட்யூப், செட்டிப்பாளையத்திலிருந்து கயிறு கட்டி இழுத்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை.

கார் பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல், சிலிண்டருக்கு 5 வால்வு, கம்பெனிக் கணக்கில் 150 குதிரைத்திறன். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் இசியு எனப்படும் இன்ஜின் கம்ப்யூட்டரைப் பவர் கூடும்படி ரீமேப் செய்து, முன் பம்பருக்குள் 13 வரிசை ஆயில் கூலர் ஒன்றை மாட்டி, பூட்டில் தண்ணீர்த் தொட்டி வைத்து, இன்ஜினுக்குப் போகும் காற்றில் தண்ணீர் தூவும் வாட்டர் இன்ஜெக்‌ஷனும் போட்டிருந்தார். வாங்கும்போது கூலரும் பம்பும் நன்றாக இருந்தன. அவற்றை இணைத்த ரப்பர்தான் எல்லாம் காய்ந்து போயிருந்தது. அதனால் இங்கே எழுதப் போவது கூலரைப் பற்றியோ கிட்டைப் பற்றியோ இல்லை, நடுவில் ஓடும் குழாய்களைப் பற்றி மட்டும். இந்த மூன்றரை ஆண்டில் சுமார் 22,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அதில் வால்பாறை ஏற்றம் பலமுறை, செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் 14 நாள்.

முதல் செட். ஆவாரம்பாளையம் பக்கம் ஜேசிபி, லேத் மெஷின்களுக்கு ஹைட்ராலிக் ஹோஸ் நுனியில் ஃபிட்டிங்கை அழுத்திப் பிடிக்க வைத்து (கிரிம்ப்) தரும் கடை ஒன்றில் அரை இஞ்ச் ஆர்2 ஹோஸ் போட்டேன். உள்ளே இரண்டு அடுக்குக் கம்பிப் பின்னல். 275 பார் வரை தாங்கும். என் இன்ஜினில் காலையில் குளிர்ந்த ஆயிலோடு ஸ்டார்ட் செய்யும்போது கேஜ் காட்டும் அதிகபட்சமே 6, 7 பார்தான். நாற்பது மடங்கு பாதுகாப்பு, இரண்டு ஹோஸும் சேர்த்து 1,900 ரூபாய், அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. ரொம்பப் பெருமையாக வீட்டுக்கு வந்தேன்.

அந்த வகை ஹோஸ் தொடர்ந்து தாங்கக்கூடிய ஆயில் சூடு 100 டிகிரி. இதை நான் அப்போது பார்க்கவில்லை. பொக்லைனில் ஓடும் ஹைட்ராலிக் ஆயிலுக்கு 100 டிகிரி தாராளம். டர்போ இன்ஜின் ஆயிலுக்கு அது ஆரம்பம்தான். ஆழியாறிலிருந்து வால்பாறை வரை 40 கொண்டை ஊசி வளைவையும் கொஞ்சம் உற்சாகமாக ஏறினால் கூலர் இருந்தும் 112 வந்துவிடும். கரியில் ஐந்தாவது சுற்றில் 120ஐத் தாண்டும். கூலருக்குப் போகும் ஹோஸ் அந்த முழுச் சூட்டையும் வாங்குகிறது. திரும்பி வரும் ஹோஸுக்குக் கொஞ்சம் நிம்மதி. 14 மாதம் கழித்துக் கழற்றிப் பார்த்தபோது இரண்டுக்கும் வித்தியாசம் கையிலேயே தெரிந்தது. திரும்பி வரும் ஹோஸ் இன்னும் வளைந்தது. போகும் ஹோஸ் விறகுக் கட்டைபோல் விறைத்து, கிரிம்ப் ஓரத்தில் வெடித்து, ஆயில் வேர்த்துக்கொண்டிருந்தது.

கசிவைவிட என்னைப் பயமுறுத்தியது வேறு. பழைய ஆயில் ஃபில்டரை அறுத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. அன்று காகித மடிப்புகளுக்குள் மிளகுத்தூள்போல் கறுப்புத் துணுக்குகள். விரலால் நசுக்கினால் ரப்பர். ஹோஸின் உள்சுவர் உதிர ஆரம்பித்திருக்கிறது. என் காரில் ஃபில்டருக்கும் பிளாக்குக்கும் நடுவே சாண்ட்விச் பிளேட் வைத்து அதிலிருந்துதான் கூலருக்கு எடுத்திருக்கிறது. ஆயில் முதலில் கூலருக்குப் போய்த் திரும்பி, அப்புறம்தான் ஃபில்டர் வழியாக பேரிங்குகளுக்குப் போகும். அந்த வரிசை மட்டும் இல்லையென்றால் இந்த அனுபவம் ஹோஸோடு நின்றிருக்காது.

இன்னொரு தொல்லையும் உண்டு. அரை இஞ்ச் ஆர்2 ஹோஸை 180 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளைக்கக் கூடாது. ஆக்டேவியாவின் பம்பருக்குள் அவ்வளவு இடம் கிடையாது. நான் வலுக்கட்டாயமாக வளைத்து மாட்டியிருந்தேன். விரிசல் விட்டதும் கிரிம்ப்பை ஒட்டிய அந்த வளைவில்தான்.

இரண்டாவது செட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆன்லைனில் வாங்கிய நைலான் பின்னல் ஹோஸ், கறுப்பு நீல ஃபிட்டிங், ஏஎன்-10 சைஸ். பார்க்க லட்சணமாக இருந்தது. ஃபிட்டிங் மரை சரியாகப் பிடிக்கவில்லை, நாலு மாதத்தில் எடுத்துவிட்டேன். ஆனால் ஏஎன் அளவைக் கற்றுக்கொண்டது அதில்தான். அந்த எண்ணை இஞ்சில் பதினாறில் ஒரு பங்காகப் படிக்க வேண்டும். 10 என்றால் 10/16, அதாவது ஐந்தே எட்டு இஞ்ச் வெளிவிட்டம் உள்ள குழாய்க்குச் சமமான ஃபிட்டிங். ஃபிட்டிங் நுனியில் சீல் ஆகும் கூம்பின் கோணம் 37 டிகிரி. நம் ஊரில் ஏசி, கேஸ் வேலைகளில் புழங்கும் 45 டிகிரி ஃபிளேர் நிப்பிள் பார்ப்பதற்கு அண்ணன் தம்பிபோல் இருக்கும், சில சைஸில் மரைகூட ஏறிவிடும். சீல் ஆகாது. இதை ஒரு லேத் பட்டறை அண்ணாவுக்குப் புரியவைக்க எனக்கு இரண்டு டீ செலவானது.

மூன்றாவது செட்தான் இப்போது வண்டியில் இருப்பது: உள்ளே பிடிஎஃப்இ, மேலே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பின்னல், அதற்கும் மேலே மெல்லிய கறுப்பு உறை. பிடிஎஃப்இ என்றால் நம் தோசைக்கல் டெஃப்லான்தான். இந்த வகை ஹோஸ் 200 டிகிரியைத் தாங்கும். இரண்டு ஹோஸும் ஃபிட்டிங்கும் சேர்த்து 14,000 ரூபாய் ஆனது. கசக்கத்தான் செய்தது. 26 மாதமாக ஒரு சொட்டு இல்லை, ஃபில்டரிலும் துணுக்கு இல்லை.

வாங்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது, ரப்பர் ஹோஸுக்கான ஃபிட்டிங் இதில் பொருந்தாது. பிடிஎஃப்இக்கு உள்ளே ஒரு பித்தளை வளையம் வைத்த தனி ஃபிட்டிங் வேண்டும். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதானுங்க" என்றால் நம்பாதீர்கள். அடுத்து, அதே 10ஆம் நம்பரில் பிடிஎஃப்இயின் உள்துளை ரப்பர் ஹோஸைவிடச் சற்றுச் சின்னது. என் கூலருக்கு அதனால் பிரச்சினை வரவில்லை, ஆயில் பிரஷரில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் 8ஆம் நம்பருக்கு இறங்கிக் காசு மிச்சம் பிடிக்கலாமா என்று யோசித்ததை இதற்காகவே விட்டேன். பிடிஎஃப்இ ஒருமுறை மடிந்தால் மடிந்ததுதான், அந்த இடம் பழையபடி வராது. அதனால் இறுக்கமான திருப்பங்களில் ஹோஸை வளைக்காமல் 90 டிகிரி ஃபிட்டிங்குகளைப் போட்டேன். செலவில் பாதி அவைதான்.

வெறும் ஸ்டீல் பின்னலை அப்படியே விடவும் கூடாது. முதலில் உறை இல்லாத ஹோஸ்தான் போட்டிருந்தேன். இரண்டாவது மாதம் பம்பரைக் கழற்றினால், பின்னல் உரசி உரசி ஏசியின் அலுமினியக் குழாயில் ரம்பம் போட்டதுபோல் ஒரு கோடு. இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் கேஸ் மொத்தமும் வெளியே. அதற்குப் பிறகுதான் உறை உள்ள ஹோஸும், ஒரு சாணுக்கு ஒன்று வீதம் ரப்பர் வைத்த பி-கிளிப்பும். ஹோஸை வெட்டும்போது உள்ளே விழும் கம்பித் தூளைப் பெட்ரோல் விட்டு அலசி, காற்றடித்து, வெள்ளைத் துணியைச் செலுத்திப் பார்த்துவிட்டுத்தான் மாட்டினேன். இதில் சோம்பல்பட்டால் நடப்பதும் அந்த ரப்பர்த் துணுக்குக் கதைதான், என்ன, இது இரும்பு.

சரி, தண்ணீர்ப் பக்கம் வருவோம்.

டர்போ அழுத்தி அனுப்பும் காற்று சூடாகும். சூடான காற்றில் பெட்ரோல் நேரத்துக்கு முன்பே தானாகப் பற்றிக்கொண்டு இன்ஜின் தட்டும். தட்டுவதை நாக் சென்சார் கேட்டதும் இசியு இக்னிஷனைப் பின்னுக்குத் தள்ளும், குதிரைகள் காணாமல் போகும். அங்கே தண்ணீரைப் பனிபோல் தூவினால் அது ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2,250 கிலோஜூல் வேண்டும். பெட்ரோலுக்கு 350 பக்கம்தான். 2016இல் பிஎம்டபிள்யூ எம்4 ஜிடிஎஸ் காரில் 5 லிட்டர் தண்ணீர்த் தொட்டியைப் பூட்டில் வைத்து விற்றார்கள் என்றால் காரணம் இதுதான்.

வெளிநாட்டில் தண்ணீரோடு மெத்தனாலைப் பாதிக்குப் பாதி கலப்பார்கள். நான் கலப்பதில்லை. தமிழ்நாட்டில் மெத்தனால் வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60 பேருக்கு மேல் உயிரைக் குடித்தது. அதற்குப் பிறகு எந்தக் கெமிக்கல் கடையில் போய் "காருக்குத்தாங்க" என்று சொல்லிக் கேட்பது? தவிர, அது எரியும்போது பகலில் தீ கண்ணுக்கே தெரியாது. வெறும் தண்ணீர் ஊற்றுவதில் ஒரு வசதி, ட்யூபைக் காருக்குள் கதவடி ஓரமாகவே பயமில்லாமல் கொண்டுவரலாம்.

தண்ணீர் என்றால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். சிறுவாணித் தண்ணீரைப் பற்றி எங்களுக்கு எவ்வளவு பெருமை இருந்தாலும் தண்ணீரைத் தூவும் நாசிலின் துளைக்கு அது புரியாது. போர்வெல் தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம், பாத்ரூம் ஷவரைப் பார்த்தால் தெரியும்.

ட்யூபில் நான் மறுபடியும் பிரஷரில்தான் ஏமாந்தேன். பம்பு 10 பார். காந்திபுரத்தில் நியூமேட்டிக் சாமான் விற்கும் கடையில் நீல நிற 6 மில்லி பியு (பாலியூரித்தேன்) ட்யூப் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது, அதில் அச்சிட்டிருப்பதும் 10 பார். பொருத்தம் பார்த்து முடிந்தது என்று நினைத்தேன். அந்த 10 பார் சாதாரண அறைச் சூட்டுக்கான கணக்கு. சூடு ஏற ஏற ட்யூப் இளகும், தாங்கும் பிரஷர் சரியும். மே மாதம் பானெட்டுக்குள் என்ன சூடு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. போதாததற்கு, பியுவில் எஸ்டர் வகை என்று ஒன்று இருக்கிறது. வெந்நீர் பட்டால் அது நாளாவட்டத்தில் பிசுபிசுத்துச் சிதையும்.

மூன்றாவது மாதம், கரியின் நேர்பாதையில், த்ராட்டில் பாடிக்கு அருகே இருந்த புஷ் ஃபிட்டிங்கிலிருந்து ட்யூப் நழுவி வந்துவிட்டது. எனக்குத் தெரிந்தது திடீரென்று வண்டி சோர்ந்தது மட்டும்தான். இந்த இன்ஜினில் இரண்டு நாக் சென்சார் உண்டு, அவைதான் பிஸ்டனைக் காப்பாற்றின. பிட்டுக்கு வந்து பானெட்டைத் திறந்தால் மழை பெய்த மாதிரி நனைந்திருந்தது. தண்ணீர் இக்னிஷன் காயில்களுக்குள் இறங்கியிருந்ததால் மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை. கயிறு கட்டிய கதை அதுதான்.

இப்போது இருப்பது நைலான் 12 ட்யூப், 6 மில்லி வெளிவிட்டம், 4 மில்லி உள்துளை. சாதாரண சூட்டில் 25 பாருக்கு மேல் தாங்கும், 80 டிகிரியில் கிட்டத்தட்ட பாதி. அப்போதும் பம்புக்கு மேலேதான் நிற்கிறது. நைலான் 6 என்று கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அது தண்ணீரைக் குடித்து ஊதும். இன்ஜினுக்கு அருகே கடைசி ஒரு முழம் மட்டும் பிடிஎஃப்இ ட்யூபும், புஷ் ஃபிட்டிங்குக்குப் பதில் நட்டு போட்டு இறுக்கும் பித்தளை ஃபிட்டிங்கும். மின்சாரத்தில் திறந்து மூடும் சோலனாய்டு வால்வை நாசிலுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். ட்யூபில் நிற்கும் தண்ணீர் சொட்டாது, மிதித்தவுடன் தாமதமில்லாமல் தூவும். இவற்றோடு ஒரு ஃப்ளோ சென்சார். பம்பு ஓடியும் தண்ணீர் போகவில்லை என்றால் பூஸ்டை, அதாவது டர்போ தரும் காற்றழுத்தத்தை, கட்டுப்படுத்தும் வால்வின் மின்சாரத்தை அது வெட்டிவிடும், டர்போ அடிப்படை பூஸ்டுக்கு இறங்கிவிடும். ட்யூப் என்றைக்காவது மறுபடியும் கழலும் என்று வைத்துக்கொண்டேதான் ரீமேப்பையும் ஒரு படி குறைக்கச் சொன்னேன்.

பலன் உண்டா என்றால், உண்டு. ஆனால் இன்டேக் சூட்டு எண்ணைக் காட்டி யாராவது பெருமை பேசினால் நம்ப வேண்டாம். இந்தக் காரில் அந்த சென்சார் மேனிஃபோல்டில் இருக்கிறது. தூவும் தண்ணீர் அதன் மேலேயே படும், ஈரத் துணி சுற்றிய தெர்மாமீட்டர் கணக்காகக் குறைத்துக் காட்டும். நான் டயக்னாஸ்டிக் கேபிளை மாட்டி, இசியு ஒவ்வொரு சிலிண்டருக்கும் இக்னிஷனை எத்தனை டிகிரி பின்தள்ளுகிறது என்று பார்த்தேன். ஏப்ரல் மதியம், தண்ணீர் இல்லாமல் மூன்றாவது கியரில் 6 டிகிரி வரை. தண்ணீரோடு 1.5. அந்த எண்ணில்தான் எனக்கு நம்பிக்கை.

தினமும் ஆபீஸ் போகிற வண்டிக்கு இது எதுவும் தேவையில்லை. கூலரே வேண்டாம், கம்பெனி கொடுத்த கூலன்ட்டில் ஓடும் சின்னக் கூலர் போதும், காலையில் ஆயிலைச் சீக்கிரம் சூடாக்குவதும் அதுதான். அதை நான் இன்னும் கழற்றவில்லை. மாற்றம் செய்த வண்டியைப் பற்றி மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்பதையும் ஒருமுறை படித்துவிட்டு இறங்குங்கள்.

இப்போதைக்கு மிச்சமிருக்கும் தலைவலி, சாண்ட்விச் பிளேட்டில் இருக்கும் ஒரு அலுமினிய நட்டு. மூன்று செட் ஹோஸுக்காகத் திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டியதில், ஒருமுறை வேகத்தில் அதிகமாக முறுக்கிவிட்டேன், கூம்பில் கீறல். மார்க்கரில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன், நட்டு நகர்ந்தால் தெரியும். இதுவரை நகரவில்லை. அடுத்த ஆயில் மாற்றும்போது அந்த நிப்பிளை மட்டும் மாற்ற வேண்டும், அதற்கு 320 ரூபாய். வாங்கி டேஷ்போர்டில் போட்டு ஆறு மாதம் ஆகிறது.