இன்டர்னல் தேர்வுக்கு எந்தக் கால்குலேட்டர் விதி?

எங்கள் மின்னியல் துறையில் இந்த செமஸ்டரிலிருந்து இன்டர்னல் தேர்வுகளுக்குப் பட்டியல் முறை வந்திருக்கிறது. பட்டியலில் உள்ள மாடல் கால்குலேட்டருக்கு மட்டும்தான் அனுமதி. அதற்காகத் துறைக் கூட்டத்தில் வாதாடியவர்களில் நானும் ஒருவன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும்.

கால்குலேட்டரே வேண்டாம் என்பது ஒரு வழி. யுபிஎஸ்சி நடத்தும் இன்ஜினியரிங் சர்வீசஸ் தேர்வின் முதல்நிலைத் தாள்கள் அப்படித்தான் நடக்கின்றன. கொள்குறி வினாவுக்கு அது சரி. பத்துப் பன்னிரண்டு வரி கணக்குப் போட வேண்டிய செமஸ்டர் வினாவுக்கு ஒத்துவராது. எல்லா இம்பீடன்ஸையும் (ஏ.சி. சர்க்யூட்டில் மின்னோட்டத்துக்கு உள்ள தடை) 8+j6 என்றே கொடுத்து, அதன் அளவு √(8²+6²) = 10 என்று வரவழைத்துக்கொண்டிருக்க முடியாது.

இரண்டாவது, பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வின் வழி. 2016 முதல் அங்கே கையில் கால்குலேட்டர் கொண்டுபோக முடியாது; திரையில் வரும் கால்குலேட்டரைத்தான் மவுஸால் தட்ட வேண்டும். எல்லோருக்கும் ஒரே கருவி, சோதனை போடும் வேலையே இல்லை. நியாயம் என்று பார்த்தால் இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை. ஆனால் பேனாவால் எழுதும் தேர்வுக்கு ஆளுக்கொரு கணினி எங்கே போவது? லேபில் நடத்திய சின்ன டெஸ்ட்டுகளில் மட்டும்தான் இதை முயன்று பார்த்திருக்கிறேன். 8+j6 போன்ற காம்ப்ளெக்ஸ் எண்களைப் பெருக்கி வகுக்க அதில் வசதி இல்லாததால் ஏ.சி. சர்க்யூட் கணக்கில் நேரம் போனது. மற்ற பாடங்களில் அது பெரிய குறையாக இல்லாமலும் போகலாம்.

மூன்றாவது, நம்மூரில் பரவலாக இருக்கும் விதி: ‘புரோகிராம் செய்ய முடியாத சயின்டிஃபிக் கால்குலேட்டர் எதுவானாலும் சரி.’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஹாலில் அதை யார் பார்த்துச் சொல்வது என்பதில்தான் சிக்கல். சூப்பர்விஷனுக்கு வருகிறவர் ஆங்கிலத் துறையாகவும் இருக்கலாம், வேதியியலாகவும் இருக்கலாம். கேசியோவிலேயே எஃப்எக்ஸ்-3650பி புரோகிராம் ஏற்றக்கூடியது. மேலோட்டமாகப் பார்த்தால் சாதாரண சயின்டிஃபிக் கால்குலேட்டர்தான். அந்த ‘பி’ என்ற ஒற்றை எழுத்தைக் கவனிக்க வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? இன்னொரு பக்கம், எஃப்எக்ஸ்-991எம்எஸ் புரோகிராம் செய்ய முடியாதது என்றாலும் மூன்று மாறிச் சமன்பாடுகளைத் தீர்க்கும், மேட்ரிக்ஸ் போடும், இன்டகிரேஷனும் செய்யும். அப்படியானால் அந்த விதி எதைத்தான் தடுக்கிறது? ஒரு ஹாலில் விட்டதைப் பக்கத்து ஹாலில் பிடுங்கி வைப்பார்கள். மாணவர் கேட்டால் காட்டுவதற்கு எழுத்தில் ஒன்றும் இருக்காது.

பட்டியல் முறை இந்தக் கேள்வியையே எடுத்துவிடுகிறது. அமெரிக்காவில் பொறியாளர் உரிமத்துக்கான எஃப்ஈ, பிஈ தேர்வுகளை நடத்தும் என்சிஈஈஎஸ் அமைப்பின் பட்டியல் நாலைந்து வரிதான். கேசியோ என்றால் மாடல் பெயரில் எஃப்எக்ஸ்-115 அல்லது எஃப்எக்ஸ்-991 இருக்க வேண்டும். டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் என்றால் டிஐ-30எக்ஸ் அல்லது டிஐ-36எக்ஸ். ஹெச்பி என்றால் 33எஸ், 35எஸ். கருவி என்னவெல்லாம் செய்யும் என்று சோதிக்கிறவர் யோசிக்க வேண்டியதில்லை, நெற்றியில் இருக்கும் பெயரைப் படித்தால் போதும். ஸ்டீம் டேபிளையும் டிசைன் டேட்டா புக்கையும் நாம் ஏற்கெனவே இப்படித்தான் அனுமதிக்கிறோம்: இன்ன புத்தகம், உள்ளே எதுவும் எழுதியிருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

எங்கள் பட்டியல் இன்னும் சின்னது. கேசியோ எஃப்எக்ஸ்-82, 100, 991 வரிசைகள் மட்டும். மூன்றுமே சீனியரிடமிருந்து ஜூனியருக்குக் கைமாறி வருபவை என்பதால் புதிதாக வாங்கியே ஆக வேண்டியவர்கள் குறைவு. பட்டியலை வருஷா வருஷம் மாற்றினால் இந்த வசதி போய்விடும். அதனால் ஒரு பேட்ச் படித்து முடிக்கும்வரை மாற்றுவதில்லை என்று எழுதியே வைத்திருக்கிறோம்.

மெமரியில் விடைகளைப் போட்டுக்கொண்டு வருவதற்கும் வழி அடைத்தாயிற்று. ஏ, பி, சி என்று சேமித்த மதிப்புகள் கால்குலேட்டரை அணைத்தாலும் அழியாது. அதனால் வினாத்தாள் கொடுக்கும் முன் எல்லோரும் ரீசெட் செய்ய வேண்டும். 991இஎஸ் பிளஸ்ஸில் ஷிஃப்ட், 9, 3, = என்று அழுத்த வேண்டும்; எம்எஸ் மாடல்களில் ஷிஃப்ட், மோட், 3, =. இரண்டையும் போர்டில் எழுதிவிடுகிறோம். அப்புறம் ஒன்று முக்கியம்: ரீசெட் செய்ததும் கருவியின் கோண அலகு டிகிரிக்குப் போய்விடும். ஏ.சி. வோல்டேஜ் கணக்கில் வரும் sin 314t-யில் t = 0.005 என்று போட்டால் ரேடியனில் கிட்டத்தட்ட 1 வரும், டிகிரியில் 0.027 வரும். வோல்டேஜ் விடையே பாழ். அதனால் ‘தேவையானால் ரேடியனுக்கு மாற்றிக்கொள்ளவும்’ என்ற வரியை வினாத்தாளின் தலையிலேயே அச்சிடச் சொன்னேன்.

பட்டியலால் தீராத குறையும் உண்டு. 82எம்எஸ் வைத்திருப்பவருக்குச் சமன்பாடு தீர்க்கும் வசதியும் கிடையாது, காம்ப்ளெக்ஸ் மோடும் கிடையாது. போலார் மாற்றத்தை (காம்ப்ளெக்ஸ் எண்ணை அளவு, கோணம் என்று மாற்றுவதை) மட்டும் செய்துகொள்ளலாம். பக்கத்தில் 991 வைத்திருப்பவர் மெஷ் சமன்பாடுகளை (சர்க்யூட்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் எழுதுபவை) நேராக உள்ளே போட்டு விடையை எடுத்துவிடுவார். மதிப்பெண்ணில் பெரும்பங்கைச் சமன்பாடு அமைப்பதற்குக் கொடுத்து இடைவெளியைக் குறைத்திருக்கிறோம். ஆனாலும் நேர வித்தியாசம் இருக்கிறது. அதற்காகத் துறை அலுவலகத்தில் சில 991-கள் வாங்கி வைத்திருக்கிறோம். ஐடி கார்டைக் கொடுத்துவிட்டுத் தேர்வுக்கு எடுத்துப் போகலாம்.

சிவில், மெக்கானிக்கல் தாள்களில் இந்த முறையை நான் நடத்திப் பார்த்ததில்லை. அங்கே காம்ப்ளெக்ஸ் எண்களின் தேவை குறைவு என்பதால் 82 வரிசையை மட்டும் வைத்தே சமாளிக்கலாம் என்று தோன்றுகிறது. செய்வதாக இருந்தால் பட்டியலை செமஸ்டரின் முதல் வாரத்திலேயே ஒட்டிவிடுங்கள். வேறு கம்பெனி கால்குலேட்டர் வாங்கி வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு மாற்றிக்கொள்ள முதல் இன்டர்னல் வரையாவது அவகாசம் வேண்டும்.