டிஸ்னிலாண்ட் பாரிஸ் இரண்டாவது பார்க்: 200 கோடி யூரோ போட்டாயிற்று, வரிசை குறையுமா?

டிஸ்னிலாண்ட் பாரிஸுக்கு வருட பாஸ் எடுத்துப் போய்வருகிறவர்களிடம் அங்குள்ள இரண்டு பார்க்குகளில் இரண்டாவதைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். அரை நாளில் முடிந்துவிடும், ஆனால் அந்த அரை நாளில் பாதி வரிசையிலேயே கரைந்துவிடும். 2002 மார்ச் 16 அன்று வால்ட் டிஸ்னி ஸ்டூடியோஸ் பார்க் என்ற பெயரில் திறந்தது அது. இப்போது பெயரையே மாற்றி, டிஸ்னி அட்வெஞ்சர் வேர்ல்ட் ஆக 2026 மார்ச் 29 அன்று திறப்பதாகத் தேதி குறித்திருக்கிறார்கள். ஃப்ரோஸன் படத்தை வைத்து அமைத்த பகுதி, புதிய ஏரி, ஏரிமேல் இரவுக் காட்சி எல்லாம் அன்றைக்கே வருகின்றன.

இந்தத் திட்டத்தை ரசிகர்கள் எட்டு வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். 2018 பிப்ரவரியில் 200 கோடி யூரோ முதலீடு என்று அறிவித்தபோது மார்வல், ஃப்ரோஸன், ஸ்டார் வார்ஸ் என மூன்று பகுதிகளும் நடுவில் ஒரு ஏரியும் படத்தில் இருந்தன. மார்வல் பகுதி 2022 ஜூலை 20 அன்று திறந்தது. ஸ்டார் வார்ஸ் பகுதி சத்தமில்லாமல் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக லயன் கிங் பகுதி வரும் என்று 2024 ஆகஸ்டில் சொன்னார்கள். ஆகவே புதிதாக ஒரு அறிவிப்பு வரும்போது பழைய ரசிகர்கள் உடனே துள்ளிக் குதிப்பதில்லை. இது எப்போது திறக்கும், மணிக்கு எத்தனை பேரை ஏற்றும், மழையில் ஓடுமா என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகள் சரியானவை. யூரோக் கணக்கைவிட அவைதான் பார்க்குக்குள் நிற்கப்போகிறவருக்கு முக்கியம்.

இந்த பார்க்கின் நோய் பிறவியிலேயே வந்தது. 2002-ல் கதவு திறந்த நாளில் ஏறி உட்காரும் ரைடு என்று இருந்தவை மூன்றே மூன்று: ராக் அண்ட் ரோலர் கோஸ்டர், பறக்கும் கம்பளம், ஸ்டூடியோ ட்ராம். மற்றவை எல்லாம் அரங்கக் காட்சிகள். தாய் நிறுவனமே முழு உரிமையைக் கையில் எடுத்த 2017 வரை அந்த இடம் கடன் சுமையோடுதான் ஓடியது. அதனால் நடுநடுவே சேர்த்ததில் பல கைக்கு அடக்கமான செலவில் சேர்த்தவைதான். 2010-ல் வந்த டாய் ஸ்டோரி பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள ஆர்சி ரேசர் என்ற ரைடில் ஒரே ஒரு வண்டி, 20 இருக்கை. அது போய், திரும்பி, ஆள் இறங்கி, ஆள் ஏறி, பட்டை பூட்டும்வரை வரிசை அசையாது.

இதைவிடத் தெளிவான உதாரணம் 2007-ல் திறந்த க்ரஷ்ஸ் கோஸ்டர். ஆமை ஓடு வடிவ வண்டி, ஒன்றில் நான்கு பேர், இருவர் முன்பக்கம் பார்த்து, இருவர் பின்பக்கம் பார்த்து. ஒரு ஓடு 15 விநாடிக்கு ஒருமுறை கிளம்புவதாகவே வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு நான்கு, மணிக்கு 240 ஓடு. நாற்காலி ஒன்றுகூடக் காலியில்லாமல் போனால் 960 பேர். நிஜத்தில் மூன்று பேர் குடும்பம் வந்தால் ஒரு இடம் காலி, குழந்தையின் உயரத்தை அளந்து பார்க்க (1.07 மீட்டர் வேண்டும்) ஊழியர் நிறுத்தினால் இன்னும் சில விநாடி போச்சு. பக்கத்தில் ரட்டாட்டூயி ரைடைப் பாருங்கள். ஆறு பேர் உட்காரும் எலி வண்டி, மூன்று மூன்றாகக் கிளம்புகிறது. ஒரே தடவையில் 18 பேர். அங்கேயும் வரிசை உண்டு, ஆனால் நடந்துகொண்டே இருக்கும் வரிசை. க்ரஷ் வரிசையோ நின்று நின்று நகரும். பலகையில் இரண்டுக்கும் ஒரே 60 நிமிடம் போட்டிருந்தாலும் கால் வலி ஒன்றாக இருக்காது.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலீட்டைப் பார்ப்போம். மார்வல் பகுதியில் ஃப்ளைட் ஃபோர்ஸ் என்பது பழைய ராக் அண்ட் ரோலர் கோஸ்டர்தான். தடம் அதே, அலங்காரம் புதிது. உண்மையிலேயே புதிதாக வந்தது ஸ்பைடர்மேன் வெப் அட்வெஞ்சர் ஒன்று. இனி வரும் ஃப்ரோஸன் பகுதியில் படகு ரைடு ஒன்று. ஏரிக்குப் போகும் நடைபாதையான அட்வெஞ்சர் வேயில் ரபுன்ஸல் கதையை வைத்துச் சுற்றும் குடும்ப ரைடு ஒன்று. ஆக, எட்டு வருடத்தில் அந்த மார்வல், ஃப்ரோஸன், ஏரி மூன்றிலும் சேர்த்து புத்தம் புது ரைடு மூன்று. ஹாங்காங் டிஸ்னிலாண்டில் 2023 நவம்பரில் திறந்த ஃப்ரோஸன் பகுதியில் படகோடு சேர்த்து ஒரு சின்னக் குடும்பக் கோஸ்டரும் இருக்கிறது. பாரிஸுக்குப் படகு மட்டும். ரசிகர்களின் மனத்தாங்கல் பெரும்பாலும் இங்கேதான். அதில் நியாயம் இருக்கிறது. படகு ரைடுக்கு உயரக் கட்டுப்பாடு கிடையாது, கைக்குழந்தையோடும் ஏறலாம். அதனாலேயே பார்க்குக்கு வரும் எல்லாக் குடும்பமும் அதில் ஒருமுறையாவது ஏறப் பார்க்கும். ஃப்ளோரிடாவின் எப்காட்டில் 2016 முதல் ஓடும் இதே ரைடுக்கு இன்றுவரை வரிசை நீளம்தான். பாரிஸில் முதல் வருடம் அது வேறு மாதிரி இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஆனால் "இவ்வளவு பணத்தையும் தோட்டத்திலும் தண்ணீரிலும் கொட்டிவிட்டார்கள்" என்ற புகாரை ஏற்க முடியவில்லை. பழைய பார்க்கில் ரைடிலிருந்து இறங்கியவருக்கு என்ன இருந்தது? தார்த் தரை, தகரக் கொட்டகை போன்ற கட்டடங்கள், உட்கார நிழல் குறைவு. ஆகவே இறங்கியவர் நேராக அடுத்த வரிசையில் போய் நின்றார். ஒரு பார்க்கில் வரிசைக்கு வெளியே மனிதர்கள் விரும்பி நிற்கும் இடம் எவ்வளவு இருக்கிறதோ, அவ்வளவுக்கு வரிசை தளரும். கோட்டை இருக்கும் முதல் பார்க்கில் ஆள் கூட்டம் இதைவிட அதிகம் இருந்தும் நெரிசல் குறைவாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம்: கோட்டையைச் சுற்றிப் பார்க்கலாம், கீழே டிராகன் குகைக்குள் போகலாம், தீவில் ஏறி இறங்கலாம். மழை வந்தால் மெயின் ஸ்ட்ரீட்டின் இரு பக்கமும் கூரை போட்ட நடைபாதை உண்டு. பாரிஸ் வானிலையை மனதில் வைத்து 1992-லேயே கட்டியது அது. இரண்டாவது பார்க்கில் அப்படிக் கூரையோடு தாராளமாக நிற்க இடம் நுழைவு மண்டபம் ஒன்றுதான். புதிய நடைபாதையும் ஏரிக்கரையும் திறந்தவெளி. ஏப்ரல் முதல் செப்டம்பர்வரை அருமையாக இருக்கும். நவம்பர் காற்றில் அந்தக் கரையில் கால் மணி நேரம் நிற்பதே பெரிய காரியம்.

பொழுதுபோக்குப் பக்கம் நிலவரம் நல்லதாகவே இருக்கிறது. அனிமாஜிக் அரங்கில் மிக்கி அண்ட் தி மெஜிஷியன், 2023 முதல் நேரடி இசைக்கலைஞர்களோடு நடக்கும் பிக்ஸார் இசைக் காட்சி இரண்டும் கூரைக்குள் நடப்பவை, இருக்கையில் உட்கார்ந்து பார்ப்பவை. காசுக்கு நிறைவான நேரம் இவைதான். பிக்ஸார் காட்சி நடக்கும் அரங்கில் 2002 முதல் 2017 வரை சினிமாஜிக் என்ற காட்சி ஓடியது. அதை மறக்க முடியாதவர்கள் இன்னும் நிறையப் பேர். அதற்கு ஈடாக இதை ஏற்காதவர்கள்கூட இந்த இசைக்குழுவைக் குறை சொல்வதில்லை. குறை வேறு இடத்தில்: முதல் பார்க்கின் பகல் ஊர்வலம் 2017-ல் 25-ம் ஆண்டு விழாவுக்கு வந்தது, இன்னும் அதே வண்டிகள்தான் சுற்றுகின்றன. இத்தனை கோடி முதலீட்டுப் பேச்சில் புது ஊர்வலம் பற்றிய பேச்சே இல்லை என்பது அடிக்கடி வருகிறவர்களை நோகடிக்கும் விஷயம்.

ஏரியில் வரப்போகும் கேஸ்கேட் ஆஃப் லைட்ஸ் இரவுக் காட்சிதான் எல்லோரும் காத்திருப்பது. நீரூற்று, வாணவேடிக்கை, வானில் பறக்கும் ட்ரோன், தண்ணீரில் மிதந்து வரும் ட்ரோன். மாலையானால் ஓய்ந்துபோகும் பார்க்குக்கு இரவில் ஆள் தங்க ஒரு காரணம் கிடைக்கிறது. என் கணிப்பில் மொத்தத் திட்டத்தில் இதுவே பெரிய லாபம். ஆனால் கோட்டை முன்னால் நடக்கும் ட்ரோன் காட்சிகளில் கற்ற பாடம் ஒன்று உண்டு. காற்று வலுத்தால் ட்ரோன் ஏறாது. மற்றதெல்லாம் நடக்கும், வானம் மட்டும் காலியாக இருக்கும். அதனால் ட்ரோனுக்காகவே போகிறவர்கள் முன்னாலேயே வானிலை பார்த்து நாளைத் தேர்ந்தெடுங்கள். நிற்கும் இடத்தையும் காற்றைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்: முதுகில் காற்று படுமாறு நின்றால் வாணப் புகையும் நீரூற்றுச் சாரலும் எதிர்ப்பக்கம் போகும். முகத்தில் காற்று அடிக்கும் கரையில் நின்றவர்கள் கடைசி ஐந்து நிமிடம் புகையைத்தான் பார்ப்பார்கள். கோட்டைக் காட்சியையும் ஏரிக் காட்சியையும் ஒரே இரவில் முடிக்க நினைத்தால் அன்றைய நேரப்பட்டியல் இடம் கொடுக்கிறதா என்று பாருங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஒன்றே போதும்.

பாஸ் விஷயத்துக்கு வருவோம். 2023 ஜூலையில் பழைய வருட பாஸ்களை எடுத்துவிட்டு வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்றாக்கினார்கள். அறிமுக விலை 289, 499, 699 யூரோ. வெண்கலத்தில் உள்ளே போக முடியாத நாட்கள் ஏராளம், பள்ளி விடுமுறையும் பெரும்பாலான வார இறுதியும் போய்விடும். போக முடிந்த நாளுக்கும் முன்பதிவு வேண்டும். புதுப் பகுதி திறந்த பிறகு நல்ல நாட்கள் சீக்கிரம் நிரம்பும் என்பதால், செவ்வாய் அல்லது வியாழக்கிழமையில் லீவு போட முடியாதவர்களுக்கு வெண்கலம் வீண். வருடத்துக்கு மூன்று தடவைக்கு மேல் போகாதவர்கள் பாஸே எடுக்காமல் தேதி குறித்த டிக்கெட் எடுப்பது மேல். நீண்ட வரிசையைத் தவிர்க்க முன்பு இலவசமாக இருந்த ஃபாஸ்ட்பாஸ் 2021 முதல் ரைடுக்கு ரைடு காசு கொடுக்கும் பிரீமியர் அக்சஸ் ஆகிவிட்டது. அதை வாங்குவதென்றால் காலையில் வாங்காதீர்கள். முதல் ஒரு மணி நேரத்தில் வரிசை எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு ஆப்பில் வாங்கலாம். தனியாளாக ஏறச் சம்மதம் என்றால் க்ரஷ், ரட்டாட்டூயி இரண்டுக்கும் தனி வரிசை உண்டு. சின்னப் பிள்ளையோடு அது ஆகாது.

திறப்புக்குப் பின் முதல் சில மாதம் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. கதவு திறந்ததும் கூட்டம் முழுக்க ஃப்ரோஸன் பக்கம் ஓடும். டிஸ்னி ஹோட்டலில் தங்குகிறவர்கள் ஒரு மணி நேரம் முன்பே உள்ளே இருப்பார்கள், அவர்களை முந்த முடியாது. அந்த நேரத்தில் நேராக க்ரஷ்ஸுக்குப் போங்கள். அந்த ஓரிரு மாதம்தான் அதன் வரிசை காலையில் மூச்சு விடும். ஃப்ரோஸன் படகை மாலைக்கு வையுங்கள், பலரும் இரவுக் காட்சிக்கு இடம் பிடிக்கக் கரைக்குப் போகும் நேரத்தில். லயன் கிங் பகுதியின் நீர்ச்சறுக்கு ரைடு திறக்கும்வரை பெரிய ரைடுகளின் நெரிசல் தீராது. இரண்டாவது பார்க்குக்கு முழு நாள் ஒதுக்குவது இனி நியாயம்தான். ஆனால் அதை ரைடு எண்ணிக்கைக்காக அல்லாமல் இரண்டு அரங்கக் காட்சி, ஒரு இரவுக் காட்சி, ஏரிக்கரை என்று கணக்குப் போட்டுப் போனால் ஏமாற்றம் இருக்காது.

இரவுக் காட்சி முடிந்து எல்லோரும் ஒன்றாக ஸ்டேஷனுக்கு வருவார்கள் என்பதால் திரும்பும் ரயில் டிக்கெட்டைக் காலையிலேயே பயண கார்டில் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். பாரிஸ் நகருக்குள் லா ஷப்பேல், கார் து நோர் பக்கமிருந்து வருகிறவர்கள் ஆர்இஆர் எனும் புறநகர் ரயிலில் பி அல்லது டி லைனில் ஒரு ஸ்டேஷன், ஷாட்லேயில் இறங்கி ஏ லைன். அங்கே முதலில் வரும் ரயிலில் ஏறிவிடாதீர்கள். வான்சேனுக்குப் பிறகு ஏ லைன் இரண்டாகப் பிரிகிறது. புவாசி-சான்-லெஜே (Boissy-Saint-Léger) போகிறது வேறு திசை. சரியான திசையிலும் சில ரயில்கள் டோர்சியோடு நின்றுவிடும். பலகையில் மார்ன்-லா-வாலே ஷெஸ்ஸி என்ற பெயருக்கு எதிரே விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள்.